ரிலேயின் குறுக்கே நான் வைத்த கம்பி

அன்பு மகன் ரூபனுக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கேட்க முடியவில்லை. நீ நன்றாக இல்லை என்பதும், அதற்குக் காரணம் யார் என்பதும் எனக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் நீ அம்மாவோடு போனில் பேசி முடித்தபோது நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அவள் போனை வைத்துவிட்டு, எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். உன் கம்பெனியில் புதிதாக ஒரு பிரிவு தொடங்குகிறார்களாம்; மெஷினுக்குள் கை போனால் உடனே அதை நிறுத்துகிற பாதுகாப்புக் கருவிகளைச் செய்யும் பிரிவு. அதை நீ பொறுப்பேற்று நடத்த வேண்டும் என்று உன் அதிகாரி கேட்டிருக்கிறார். நீ மறுத்துவிட்டு, விற்பனைப் பக்கம் மாற்றிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாய். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் முடிவைத் தர வேண்டுமாம். ஏன் சாமி வேண்டாம்ங்கிறே என்று அம்மா கேட்டதற்கு, "ஒருத்தங்க விரல் போனது போதும்மா. இன்னொருத்தங்க என் கணக்க நம்பிக் கையை உள்ள விட வேண்டாம்" என்றாயாம். பிள்ளை இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறானே என்ற வருத்தத்தோடு அவள் சொன்னாள். பசியில்லை என்று எழுந்து கை கழுவப் போனவன், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ரூபன், உன் கணக்கில் தப்பு இல்லை. அன்றைக்கு உன் கருவி வேலை செய்தது. இலை தள்ளுகிற பாக்கியத்தின் கை மெஷினுக்குள் போன நொடியில் மெஷினை நிறுத்தச் சொல்லித்தான் இருக்கும். அது மோட்டாருக்குப் போய்ச் சேராமல் தடுத்து வைத்திருந்தவன் நான். இந்த நான்கு வரியை எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. உனக்கு மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் பழி உன் மேல் விழுந்தது தனியாக அல்ல. நான் வேலை செய்கிற தேயிலை ஃபேக்டரியில் அத்தனை பேர் முன்னாலும் விழுந்தது. அதனால் இதை அத்தனை பேரும் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் அவர்களுக்காகச் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ இஞ்சினியரிங் கடைசி வருடம் படித்தபோது லீவுக்கு இத்தலாருக்கு, நம் வீட்டுக்கு வந்தாய். ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன், ஃபேக்டரிக்குள் ரோட்டர்வேன் மெஷினுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாய். வாடவைத்த தேயிலையை நசுக்கி அடுத்த மெஷினுக்குத் தள்ளுகிற படுக்கை உருளை அது. மேலே அகலமான வாய். உள்ளே திருகாணி போலச் சுற்றுகிற தண்டு. இலை வாயில் அடைத்துக்கொண்டால் நீளமான குச்சியால் அமுக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அங்கே நின்றவள் பாக்கியம். குச்சியை எடுத்து எடுத்து வைத்து அவள் தோள் வலித்து நிற்பதைப் பார்த்துவிட்டு, கை தவறி உள்ளே போனால் என்னப்பா ஆகும் என்று கேட்டாய். ஸ்டாப் பட்டன் இருக்கே என்றேன். அந்தப் பட்டன் அவள் நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டு தள்ளி இருந்தது. நீ அதை எட்டு வைத்து அளந்துவிட்டுப் போனாய்.

அடுத்த வாரம் நம் சமையலறை மேசையில் உன் சாமான்கள் பரவிக் கிடந்தன. எனக்கு மோட்டார் தெரியும், ஸ்டார்ட்டர் தெரியும். முப்பது வருடமாக அதுதான் பிழைப்பு. விரல் நீளத்தில் அத்தனை கால்களோடு இருந்த உன் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பைப் பார்த்தால் மரவட்டை மாதிரி இருந்தது. நீ சலிக்காமல் சொன்னாய். ஒளி உணரி என்பது பட்டாணி அளவில் ஒரு சின்ன வில்லை. வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும். ஒரு ரெசிஸ்டரோடு சேர்த்துக் கட்டினால், வெளிச்சம் கூடக் கூட நடுவில் வோல்ட் ஏறும்; கை மறைத்தால் இறங்கும். எத்தனை வோல்ட் இறங்கியது என்று அந்த மரவட்டைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எத்தனைன்னு அதுக்குத் தெரிய வேண்டாம்ப்பா. உள்ள கம்பேரேட்டர்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ரெண்டு கால். எந்தக் காலுல வோல்ட் ஒசத்தியா இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லும்" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் முறை மாட்டியபோது அது சரியாக வரவில்லை, ஞாபகம் இருக்கும். மெஷின் வாய்க்கு ஒரு பக்கம் விளக்கு, எதிர்ப்பக்கம் உணரி. அதன் வோல்ட்டை ஒரு காலுக்குக் கொடுத்து, மறு காலுக்கு மாறாத ஒரு வோல்ட்டைத் திருகி வைத்தாய். காலையில் நன்றாக இருந்தது. மத்தியானம் மேகம் விலகி, கூரைக் கண்ணாடித் தகடு வழியாக வெயில் இறங்கியதும், மூங்கில் கழியை நடுவில் நீட்டினாலும் அது அசையவில்லை. வெயிலே உணரிக்குப் போதுமான வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டது. நான்கு மணிக்கு மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தபோது, யாரும் கை வைக்காமலே மெஷின் நின்றது. இரண்டு நாள் மீட்டரையும் நோட்டையும் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, வெயிலில் எவ்வளவு, மேகத்தில் எவ்வளவு, இலைத்தூசி பறந்தால் எவ்வளவு என்று எழுதினாய். ஊட்டி வெளிச்சத்தை நம்பி எதையும் திருகி வைக்க முடியாது தம்பி, விட்டுவிடு என்றேன். நீ விடவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு உணரியை எடுத்து, மாறாத வோல்ட் இருந்த காலுக்கு அதைக் கொடுத்தாய். இரண்டும் ஒரே விளக்கைப் பார்த்தன. ஒன்று மெஷின் வாய்க்கு மேலாக. மற்றது வாயின் இரும்பு விளிம்புக்கு வெளியே, கை போக முடியாத வழியாக. "மேகம் வந்தா ரெண்டுந்தான் இறங்கும், வெயில் வந்தா ரெண்டுந்தான் ஏறும். கை வந்தா மட்டும் ஒண்ணு இறங்கும்" என்றாய். அதற்குப் பிறகு வெயிலிலும் நின்றது, பனியிலும் நின்றது. நீ பாக்கியத்தைக் கூப்பிட்டு, மெஷின் ஓடும்போது ஒரு முள்ளங்கியை வாய்க்கு மேல் நீட்டிக் காட்டினாய். மோட்டாருக்குப் போகிற கரண்ட்டை வெட்டுகிற ரிலே டக்கென்று விழுந்தது, மோட்டார் நின்றது. அங்கிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலேஜுக்குத் திரும்பிப் போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாய். உணரிகள் இரண்டும் இரண்டு கறுப்புக் குழாய்களுக்குள் இருக்கின்றன. தினமும் காலையில் மெஷின் ஓட்டுவதற்கு முன்னால் இரண்டின் வாயையும் துடைக்க வேண்டும். தேயிலையிலிருந்து பறக்கிற பஞ்சு படிந்தால் வோல்ட் இறங்கிவிடும் என்றாய். சரி என்றேன். மூன்று மாதம் துடைத்தேன். பிறகு இலை குவிகிற மாதம் வந்தது. ஒரு பக்கம் லாரி லாரியாக இலை. மறுபக்கம் வாடவைக்கிற தொட்டியின் ஃபேன் மோட்டார் எரிந்துபோய், அதை இறக்கிக் குன்னூருக்கு அனுப்பி, பழைய மோட்டாரை மாட்டி, எனக்கு உட்காரவே நேரமில்லை. பத்து நாள் குழாயைத் துடைக்கவில்லை. இலைக்கு நேர் மேலே இருந்த குழாயில்தான் பஞ்சு அதிகம் படியும். அதன் வோல்ட் மற்றதைவிடக் கீழே இறங்கி, மெஷின் சும்மா சும்மா நின்றது. அது நின்றது தப்பில்லை ரூபன். எனக்குக் கண் தெரியவில்லை என்று அது சொன்னது. அதை நான் அன்றைக்குப் புரிந்துகொள்ளவில்லை என்று சொன்னால் பொய். எனக்குத் தெரியும். ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி ஐந்து நிமிடம் துடைத்தால் போதும் என்று தெரியும். தூள் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் வந்து, இலை கெட்டுப்போகுது, எப்படியாவது ஓட வையுங்க என்றார். அவர் கருவியை முடக்கச் சொல்லவில்லை. அவர் மேல் நான் எதையும் போட மாட்டேன். மெஷினின் கரண்ட் பேனலைத் திறந்து, உன் ரிலேயின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு துண்டுக் கம்பியை வைத்து முறுக்கியது நான்தான். அதற்குப் பிறகு ரிலே விழுந்தாலும் மோட்டாருக்குத் தெரியாது. மெஷின் நிற்காமல் ஓடியது. சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வேறு வேலை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பாக்கியத்திடம்கூடச் சொல்லவில்லை.

கம்பி வைத்த நான்காம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். நான் தொட்டிப் பக்கம் இருந்தேன். மோட்டாரின் சத்தம் மாறியது. அந்தச் சத்தத்தை வைத்தே என்னவென்று தெரிந்துவிட்டது. ஓடிப்போய் ஸ்டாப் பட்டனை அடித்தேன். தண்டைப் பின்னோக்கிச் சுற்றினால்தான் கையை எடுக்க முடியும். பெல்ட்டைக் கையால் பிடித்துச் சுற்றிய நான்கு பேரில் நானும் ஒருவன். அவளை ஜீப்பில் ஏற்ற எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. பேனலைத் திறந்து கம்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஏணியில் ஏறி இரண்டு குழாயையும் சட்டை நுனியால் துடைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குள் படிப்பை முடித்துக் கோவையில் வேலைக்குச் சேர்ந்திருந்த நீ, மறுநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தாய். அவளுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன என்று நான்தான் உனக்குச் சொன்னேன். நீ நேராக ஃபேக்டரிக்கு வந்து கருவியைச் சோதித்தாய். அட்டையை நீட்டினாய், கழியை நீட்டினாய், மெஷினை அணைத்துவிட்டு உன் கையையே நீட்டினாய். வெயிலில் பார்த்தாய், பனி வரும்வரை காத்திருந்து பார்த்தாய். ஒவ்வொரு தடவையும் ரிலே விழுந்தது. மானேஜரும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். கடைசியில் நீயாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தாய். பாக்கியம் கையில் மாட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் உறை வெளிச்சத்தைத் திருப்பி உணரி மேல் அடித்திருக்கும். இரண்டு வோல்ட்டும் ஒட்டி நின்றிருக்கும். அவ்வளவு நெருக்கமாக நான் வைத்திருக்கக் கூடாது என்றாய். பிறகு மானேஜரைப் பார்த்து, "என் கணக்குதாங்க தப்பு" என்றாய். நான் உன்னிலிருந்து ஓர் எட்டு தள்ளி நின்றிருந்தேன். என் பேன்ட் பையில் அந்தக் கம்பி இருந்தது.

வேலை போய்விடும் என்று பயந்தேன். போலீஸ் வரும் என்று பயந்தேன். இதெல்லாம் உண்மை. ஆனால் பெரிய பயம் வேறு. நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்பதுதான். அதைக் காப்பாற்றிக்கொள்ள உன்னையே கொடுத்தேன்.

உன் சுபாவம் எனக்குத் தெரியும் என்பதால்தான் அது அவ்வளவு சுலபமாக நடந்தது. நீ ஏழாவது படித்தபோது காந்தல் கோயிலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டினோமே, ஞாபகமிருக்கிறதா? பூசை நடுவில் ஃப்யூஸ் போய்க் கோயிலே இருட்டாகிவிட்டது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, நான்தான் பிளக்கை ஆட்டிவிட்டேன் என்று நீ சாமியாரிடம் போய்ச் சொன்னாய். மறுநாள் பார்த்தால், நான் போட்டிருந்த பழைய ஒயர் ஜாயின்ட் உருகியிருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. தப்பை ஒத்துக்கொள்ளும் பிள்ளை என்று நாலு பேரிடம் உன்னைப் புகழ்ந்தேன். நீயும் பெருமைப்பட்டாய். சின்ன விஷயந்தானே என்று விட்டேன். ஒரு பிள்ளை தன்னுடையதல்லாத பழியை எடுத்துக்கொள்வதைப் பார்த்துச் சும்மா இருப்பது எனக்கு அன்றைக்கே பழகிவிட்டது.

கருவியைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார்கள். நம்ப முடியாத சாமான் என்று எழுதி வைத்தார்கள். மூன்று வருடமாக அந்த மெஷின் வாய்க்கு மேலே ஒன்றுமே இல்லை. இப்போது அங்கே நிற்பவள் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண். நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை எட்டிப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவசரத்தில் அவளும் குச்சியை விட்டுவிடுகிறாள். சத்தம் போட்டால் சிரிக்கிறாள். இந்த மாதக் கடைசியில் எனக்கு ரிட்டையர்மென்ட். அதற்குப் பிறகு யார் எட்டிப் பார்ப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்திருந்தபோது அதுவும், உன் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து என்னை அழுத்தின. பூசை முடிவதற்கு முன்னாலேயே எழுந்து பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன்.

எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் அவள் இடது கையால் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாங்கண்ணா என்று எழுந்து ஸ்டூல் எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் துடைக்காதது, கம்பி வைத்தது, எடுத்தது, சட்டை நுனியால் துடைத்தது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"முன்னெல்லாம் குச்சியிலதான் தள்ளுவேனுங்கண்ணா. தம்பி அதை மாட்டுன பொறவுதான் கைய வெச்சேன். கை வெச்சா நின்னுரும்னு தம்பி காட்டிக் குடுத்துச்சு. நீங்க சொல்ற அந்த நாலு நாள்ல அன்னிக்குத்தான் இலை அடைச்சுது. நிக்கும்னு நம்பித்தான் வெச்சேன்."

மூன்று வருடத்தில் இதை நான் ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை, ரூபன். கருவியே இல்லாமல் இருந்திருந்தால் அவள் கையை வைத்திருக்க மாட்டாள். காவல் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டு, காவலைச் சொல்லாமல் எடுத்தவன் நான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு இப்பத் தெரியலீங்க" என்றாள். பிறகு, தம்பிகிட்டச் சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"வருசம் தவறாம கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலையில எனக்குப் போன் பண்ணுதுங்க தம்பி. அக்கா, என்னைய மன்னிச்சுருங்கக்கான்னு அழுவுது. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, விடு சாமி, விடு சாமிங்கிறேன். மூணு வருசம். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் காலையில் நீ வராந்தாவுக்குப் போய்ப் போன் பேசிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். நண்பர்களோடு பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நாம் ஒன்றாக உட்கார்ந்து ஆப்பம் சாப்பிடுவோம். உன் கண் சிவந்திருந்தால் ஊட்டிக் குளிர் என்பேன். பாக்கியம் என்னை வாசலுக்கு வெளியே வரைக்கும் வந்து அனுப்பினாள். "இன்னிக்கே எழுதுங்க. எனக்கும் ஒண்ணு குடுங்க. அன்னிக்கு நின்னவங்க எல்லாத்துக்கும் நான் படிச்சுக் காட்டறேன்" என்றாள். ஃபேக்டரி நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது அதைவிடச் சரி என்று பட்டது. வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

திங்கட்கிழமை மானேஜரைப் பார்த்தேன். அப்போது இருந்தவர் மாறிப்போய்விட்டார்; இவர் புதியவர், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கேட்டுவிட்டு, ரிட்டையர் ஆகிற நேரத்தில் எதுக்குங்க இதெல்லாம் என்றார். பிறகு அவரே, "அப்போ அந்தக் கருவி நல்லாத்தான் இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். நல்லாத்தான் இருந்ததுங்க என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவருடைய பேனாவாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே அனுப்ப வேண்டும், விசாரணை வரும், அதுவரை நான் பேனல் எதையும் தொடக் கூடாது என்றார். இன்று குன்னூரிலிருந்து வேறு ஒரு எலக்ட்ரீஷியன் வந்து உன் கருவியை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துப் பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை மெஷின் வாயிலிருந்து மாற்றிவிட்டு, குச்சி இல்லாமல் யாரும் அங்கே நிற்கக் கூடாது என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நீ என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. விற்பனைப் பக்கம் போக உனக்கு ஆசை இருந்தால் போ. உன் கணக்கு தப்பு என்பதற்காக மட்டும் போகாதே. அந்தக் காரணம் பொய், அதை உண்டாக்கியவன் நான். ஒருவேளை அந்த வேலையை நீ எடுத்துக்கொண்டால், முப்பது வருட எலக்ட்ரீஷியனாக ஒரு விஷயம் சொல்கிறேன். வெயிலுக்கும் பனிக்கும் ஏற்ற மாதிரி நீ யோசித்தாய். என்னைப் போன்ற ஒருவனுக்கு ஏற்ற மாதிரி யோசிக்கவில்லை. எல்லா ஃபேக்டரியிலும் அவன் இருப்பான். கெட்டவனாக இருக்க மாட்டான். களைத்திருப்பான், பின்னால் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருப்பார், கையில் ஒரு துண்டுக் கம்பி இருக்கும். அவன் குறுக்கே கம்பி வைத்தால் மெஷின் ஓடவே கூடாது; அல்லது அங்கே நிற்பவளுக்குத் தெரிகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்காவது எரிய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். இன்னொன்று: ஏதாவது தப்பு நடந்தால், நான்தான் என்று சொல்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் அளந்து பார். பக்கத்தில் பேசாமல் நிற்பவன் யாராக இருந்தாலும், அவன் உன் அப்பனாகவே இருந்தாலும், அவனையும் கேள்.

அம்மாவிடம் நேற்றுச் சாயங்காலம் சொன்னேன். உன்னிடம் சொல்வதைவிட அது கஷ்டமாக இருந்தது. அவள் என் எதிரில் அல்லவா இருந்தாள். கேட்டு முடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்று காலையில் சோறாக்கி வைத்தாள், எனக்குப் போட்டாள், பேசவில்லை. மத்தியானம் ஒரு பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் உன்னிடம் போகிறேன் என்றாள். தபாலில் போனால் வெள்ளிக்குள் சேராது, எழுதி முடிச்சிருந்தா குடுங்க, நானே அவன் கையில குடுக்கறேன் என்றாள். இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

நானும் வரட்டுமா என்று கேட்டேன். அவள் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே, "அவன் கூப்பிட்டா வாங்க" என்றாள்.

உன் அப்பா